மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள்

வாசகர் கேள்விகள், அக்கா பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன. ரங்கூனில் இருப்பவர்கள் கிராமத்துக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் ரங்கூனுக்கு வரலாமா என்று கேட்கிறார்கள். நான் இரண்டு இடத்திலும் குடும்பம் நடத்தியவள். டவுனில் ஐந்தாவது மாடியில் இருந்துகொண்டு பிள்ளைகளை வளர்த்தேன், பயின்னௌங் சந்தையில் ஒரு பயறு மண்டியில் கணக்கு எழுதினேன். இப்போது ரங்கூனுக்குத் தெற்கே சௌதான் தாண்டி, அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாம்வேயிலிருந்து ஒரு வாசகர்:

அக்கா, எனக்கு வயது 57. பிறந்தது வளர்ந்தது எல்லாம் ரங்கூன். மகன் மலேசியாவில் இருக்கிறான், மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் நாலாவது மாடியில் இருக்கிறோம். கரண்டு நிலையாக இருப்பதில்லை, தண்ணீர் மேலே ஏறுவதில்லை, பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டர் சத்தத்தில் தூக்கமும் இல்லை. மனைவியின் ஊர் தொங்வா பக்கம். மச்சான் அங்கே விவசாயம் செய்கிறார். அவர் நிலத்தை ஒட்டி மூன்று ஏக்கர் விலைக்கு வருகிறது. வீட்டை விற்றுவிட்டு அங்கே போய் நெல்லும் பயறும் போட்டு, மிச்ச காலத்தை அமைதியாகக் கழிக்கலாம் என்று ஆசைப்படுகிறேன். மனைவியோ வரவே மாட்டேன் என்கிறார். சொந்த ஊருக்கு வர மறுப்பவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்:

தம்பி, உங்கள் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் மனைவி அந்த ஊரில் பிறந்தவர். நீங்கள் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மாப்பிள்ளையாகப் போய்ப் பார்த்த ஊரில் அவர் தண்ணீர் சுமந்திருக்கிறார், விறகு பொறுக்கியிருக்கிறார், நாற்று நட்டிருக்கிறார். வரமாட்டேன் என்று சொல்ல அவரிடம் காரணம் இருக்கும். ஒன்று என்ன, பத்துகூட இருக்கும். ஒரு ராத்திரி கரண்டு போன நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசாதீர்கள்.

முதலில் தண்ணீரைப் பற்றித்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். டல்லா, சௌதான், தொங்வா என்று நம் தெற்குப் பக்கத்து ஊர்களில் மழைக்காலம் முழுக்க வாசல் வரைக்கும் தண்ணீர் நிற்கும். பங்குனி சித்திரை வந்தால் நல்ல தண்ணீர் ஒரு குடத்துக்கு அலைய வேண்டும். கடல் பக்கம் என்பதால் பல இடங்களில் கிணறு வெட்டினாலும் உப்புதான். மழையில் நிரம்பிய ஊர்க் குளத்தை வைத்துத்தான் கோடையை ஓட்டுகிறோம். டல்லாவுக்கு ஒவ்வொரு கோடையிலும் தர்மம் செய்கிறவர்கள் லாரியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நீங்கள் வாங்கப்போகும் இடத்துக்குக் குளம் எவ்வளவு தூரம், சித்திரையில் அதில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும், அங்கிருந்து வீடுவரை யார் தூக்குவது என்று விசாரித்தீர்களா? கடைசிக் கேள்விக்கு "நான்" என்று உங்களால் சொல்ல முடிந்தால், அதை உங்கள் மனைவியிடம் சொல்லிப் பாருங்கள். பேச்சு அங்கிருந்து நகரும்.

அடுத்தது, நீங்கள் ஊரைப் பார்த்த மாதம். தை மாசி என்றால் எந்த ஊரும் நன்றாகத்தான் இருக்கும். அறுப்பு முடிந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும், பாதை காய்ந்திருக்கும், வண்டி வாசலுக்கே வரும், எல்லார் கையிலும் கொஞ்சம் காசு இருக்கும். அந்த மாதத்தில் ஊரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆனி, ஆடி, ஆவணியில் போங்கள். ரங்கூன் வட்டாரத்தில் ஒரு வருஷத்துக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை, அதுவும் கிட்டத்தட்ட முழுவதும் மே மாதத்திலிருந்து அக்டோபருக்குள் கொட்டிவிடுகிறது. சென்னையில் வருஷம் முழுவதும் பெய்வதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. டவுனில் நமக்கு அது குடையும் நனைந்த செருப்பும். கிராமத்தில் துவைத்த துணி நாள்கணக்கில் காயாது, விறகு புகையும், அரிசி மூட்டையின் அடியில் பூசணம் பூக்கும், ஊர்ப்பாதை சேறாகி தொலாஜி என்கிற மெஷின் வண்டிகூடத் திணறும். ராத்திரியில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் அந்தச் சேற்றைத் தாண்டித்தான் பெரிய ரோட்டுக்கு வரவேண்டும்.

ஆகையால் நிலம் வாங்குவதற்கு முன்னால் ஒரு மழைக்காலம் முழுவதும் மச்சான் வீட்டிலோ, பக்கத்தில் வாடகைக்கோ இருந்து பாருங்கள். தங்கப் போனதும் ஊர் நிர்வாகத்தில் விருந்தாளிப் பதிவில் பெயர் கொடுத்துவிடுங்கள், மச்சானுக்குத் தொல்லை வரக்கூடாது. ஐப்பசியில் மழை விட்ட பிறகும் உங்களுக்கு அதே ஆசை இருந்தால் அது நிலைத்து நிற்கும் ஆசை.

அமைதி என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றியும் சொல்லவேண்டும். கிராமம் சத்தமில்லாத இடம் என்று டவுன்காரர்கள் நினைக்கிறார்கள். எங்கள் ஊரில் பொழுது விடிவதற்கு முன்பே பௌத்த மடத்து ஒலிபெருக்கியில் பாராயணம் தொடங்கிவிடும். கல்யாணம், காது குத்து, கோயில் திருவிழா எதுவானாலும் ஊர் முழுக்கப் பாட்டுதான். நடவுக் காலத்தில் உழவு மெஷின் இருட்டோடு கிளம்பிவிடும். மழை நாளில் தவளை கத்துவது, பழகாதவர்களுக்குத் தூக்கம் வராத அளவுக்கு இருக்கும். எனக்கு இவை எல்லாம் பிடிக்கும். ஆனால் சத்தம் வேண்டாம் என்பதற்காக மட்டும் வருகிறவர்கள் இங்கே ஒரு வருஷம் தாங்குவதில்லை.

ரங்கூனை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடவும் வேண்டாம். நான் இருந்த வீடும் டவுனில் எல்லாரும் இருக்கிற அதே பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம்தான். முன்பக்கம் ஒரு பால்கனி, அதிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு. கயிற்றின் கீழ்முனையில் பேப்பர் கவ்வுகிற கிளிப், மேல்முனையில் ஒரு சின்ன மணி. காலையில் கீழே யாராவது கயிற்றை இழுத்தால் வீட்டுக்குள் மணி அடிக்கும். நான் பையில் காசை வைத்து இறக்குவேன், மொஹிங்கா (மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ்) விற்கும் அம்மா கட்டி அனுப்புவார், இழுத்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் காலமான சமயத்தில் நான் பல நாள் கீழே இறங்கவே இல்லை. அந்த அம்மா ஒவ்வொரு நாளும் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். நான் காசு இறக்காத நாளிலும் பொட்டலம் மேலே வந்தது. எதிர்வீட்டுப் பர்மியக் குடும்பம் எங்கள் தொட்டிக்கும் சேர்த்துத் தண்ணீர் ஏற்றியது. அப்படிப்பட்ட மனிதர்கள் உங்கள் கட்டடத்திலும் இருப்பார்கள். தொங்வாவில் மறுபடியும் முதலிலிருந்து பழகவேண்டும். உங்கள் மனைவிக்கு அங்கே உறவு இருக்கிறது, உங்களுக்கு மச்சான் ஒருவர்தான். அதையும் கணக்கில் வையுங்கள்.

இனி விவசாயம். 57 வயதில் முதல் தடவையாக மண்ணில் இறங்கப்போகிறீர்கள். இந்தப் பக்கம் மழையை நம்பி ஒரு போகம் நெல், அது அறுத்ததும் நிலத்தில் மிஞ்சிய ஈரத்தை வைத்துப் பாசிப்பயறோ உளுந்தோ. கார்த்திகை மார்கழியில் விதைத்தால் மாசி பங்குனியில் கைக்கு வரும். கேட்க எளிது. பாசிப்பயறு ஒரே நேரத்தில் முற்றாது. காய் கறுக்கக் கறுக்க, இரண்டு மூன்று தடவை வயலுக்குள் போய்க் கையால் பறிக்கவேண்டும். அதுவும் பனி காய்வதற்குள் பறித்தாக வேண்டும், வெயில் ஏறினால் கை பட்டதுமே காய் வெடித்து மணி மண்ணில் சிதறிவிடும். இருட்டோடு கிளம்பி, பனியில் முழங்கால் வரை கைலி நனைய, குனிந்த முதுகு நிமிராமல் பறிப்பார்கள். காயில் இருக்கும் சுணை முழங்கை வரை அரிக்கும். விரல் நுனி கறுத்துப்போகும், சோப்புக்குப் போகாது. அண்ணன் வீட்டுப் பயறுக்கு நானும் போகிறேன். அரை வரிசை பறிப்பதற்குள் பக்கத்து வரிசைப் பெண் திரும்பி வந்துகொண்டிருப்பாள். ஆளும் கிடைப்பதில்லை. பறிக்கிற வயதுப் பிள்ளைகள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள். உங்கள் மகன் போனதைப் போலத்தான்.

பறித்த பயறின் விலையும் நம் கையில் இல்லை. மண்டியில் கணக்கு எழுதியவள் என்பதால் இது எனக்கு நன்றாகத் தெரியும். 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை, உளுந்து, பாசிப்பயறு இறக்குமதிக்கு இவ்வளவுதான் என்று வரம்பு கட்டியது. இங்கே விலை விழுந்தது. போட்ட முதலை எடுக்க முடியாமல் எத்தனையோ வீடுகள் கடனில் இறங்கின. பிறகு 2021-ல் இரண்டு அரசும் ஒப்பந்தம் செய்துகொண்டு, வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் இந்தியா வாங்கிக்கொள்ளும் என்று ஐந்து வருஷத்துக்கு முடிவாயிற்று. பாசிப்பயறு அந்த ஒப்பந்தத்தில் இல்லை. டில்லியில் போடும் ஓர் உத்தரவு தொங்வாவில் ஒரு வீட்டு அடுப்பை அணைக்கும், ஏற்றும். மூன்று ஏக்கரை நம்பி, சேமிப்பில்லாமல் இதில் இறங்காதீர்கள்.

பாம்பையும் சொல்லிவிடுகிறேன். அறுப்புக் காலத்தில் நெல் வயலில் கண்ணாடி விரியன் அதிகம். கடித்தால் சிறுநீரகம் கெட்டுப்போகும், உயிரும் போகும். வயலுக்குப் போகும்போது முழங்கால் பூட்ஸ் போடுங்கள், கூலிக்கு வருகிறவர்களுக்கும் வாங்கிக்கொடுங்கள். கடிபட்டால் கீறுவதோ, மந்திரிப்பதோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். விஷமுறிவு ஊசி எந்த ஆஸ்பத்திரியில் இருப்பு இருக்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கவேண்டும்.

இவ்வளவும் சொன்னதால் போகாதீர்கள் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். நான் வந்தேன், இருக்கிறேன், திரும்பிப் போக மனமில்லை. நான் வந்தது அண்ணன் குடும்பத்துக்காகவும், சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கோயிலில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலைக்காகவும். உங்களுக்கும் அங்கே செய்ய ஒரு வேலையும், பேச நாலு பேரும் வேண்டும். இரண்டும் இருந்தால் சேறும் தண்ணீர்க் குடமும் பழகிவிடும்.

என் யோசனையைக் கேட்டால், தாம்வே வீட்டை விற்கவேண்டாம். வாடகைக்கு விடுங்கள். ஒருமுறை விற்றுவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்கு அதே விலைக்கு மாடிப்படிகூடக் கிடைப்பதில்லை. மச்சான் நிலத்தில் ஒரு பகுதியை, விளைச்சலில் பங்கு கொடுப்பதாகப் பேசி, வாரத்துக்கு எடுத்து ஒரு போகம் கூடவே நின்று பாருங்கள். இதெல்லாம் உங்கள் மனைவி சம்மதித்த பிறகு. அவர் ஒரு வருஷம் கழித்தும் வேண்டாம் என்றால் தாம்வேயிலேயே இருங்கள். ஜெனரேட்டர் இல்லாத தெருவில், கீழ்த்தளமாகப் பார்த்துக் குடிபோகலாம்.

தட்டோன் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி:

எனக்கு வயது 19. பன்னிரண்டாம் வகுப்பு எழுதி முடித்தேன். கூடப் படித்த இரண்டு பேர் ரங்கூன் லைங்தாயாவில் தையல் ஃபேக்டரியில் வேலை செய்கிறார்கள். என்னையும் வரச் சொல்கிறார்கள். அம்மா, "இங்கே சோறு இல்லையா, ஏன் அங்கே போய்க் கஷ்டப்படவேண்டும்" என்று அழுகிறார். நான் போகலாமா அக்கா?

பதில்:

போம்மா. அம்மாவை அழவைத்துவிட்டுப் போகாதே, ஆனால் போ. 19 வயதில் ஒரு கைத்தொழிலும், சொந்தச் சம்பளமும், ஊருக்கு வெளியே நாலு மனிதரைப் பார்த்த அனுபவமும் பெண்ணுக்கு வேண்டும். பிறகு ஊருக்குத் திரும்புவதா, அங்கேயே இருப்பதா என்பதை நீயே தீர்மானிக்கலாம்.

போகும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள். 2018-ல் எட்டு மணி நேர வேலைக்கு நாளுக்கு 4,800 கியாட் என்று குறைந்தபட்சச் சம்பளம் வைத்தார்கள். பிறகு அதோடு படி சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். அரிசி எண்ணெய் விலை அதைவிட வேகமாக ஏறிவிட்டது. அதனால் எல்லாரும் ஓவர்டைமை நம்பித்தான் இருக்கிறார்கள். பழகும் காலம் என்று முதல் சில மாதம் சம்பளத்தைக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். அது எத்தனை மாதம், ஓவர்டைமுக்கு எவ்வளவு, லீவு எடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று உன் தோழிகளிடம் அவர்கள் கடைசியாக வாங்கிய சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லிக் கேள். வாயால் சொல்லும் கணக்கு வேண்டாம்.

ராத்திரி வேலை முடிந்தால் ஃபேக்டரி ஆட்களை ஏற்றி இறக்கும் ஃபெரி கார் அறை வாசல் வரைக்கும் வருமா, ரோட்டிலேயே இறக்கிவிடுமா என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். லைங்தாயா பெரிய இடம். நர்கிஸ் புயலில் வீடு வாசல் இழந்தவர்கள் டெல்டாவிலிருந்து வந்து குவிந்த இடம் அது, இன்னும் பல தெருக்களில் விளக்கு கிடையாது. ஒரே அறையில் நாலைந்து பெண்கள் தங்குவார்கள். அவர்களில் ஒருத்தியாவது நம் ஊர்ப் பெண்ணாகவோ, தூரத்துச் சொந்தமாகவோ இருக்கட்டும். அடையாள அட்டையை யாரிடமும் அடமானமாகக் கொடுக்காதே, ஏஜெண்டிடமும்தான்.

இன்னொன்று. ஃபேக்டரியில் வருஷக்கணக்காகக் காலர் மட்டும், பை மட்டும் தைக்க வைப்பார்கள். அப்படி இருந்தால் முழுச் சட்டை தைக்க வராமலே வயது போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் ஒரு தையல்காரரிடம் வெட்டக் கற்றுக்கொள். வெட்டத் தெரிந்தால் தட்டோனிலேயே கடை போடலாம்.

அம்மாவுக்கு மாதாமாதம் வேவ் மணியில், போன் வழியாகப் பணம் அனுப்பு. வாரத்துக்கு ஒரு தடவையாவது முகம் பார்த்துப் பேசு.

சிரியத்திலிருந்து ஒரு வாசகி:

அக்கா, என் இரண்டு பிள்ளைகளும் பர்மியம்தான் பேசுகிறார்கள். தமிழில் கேட்டால் பர்மியத்தில் பதில் சொல்கிறார்கள். என் மாமியார் வீடு பெகு பக்கம் கிராமத்தில். அங்கே நாத்தனார் பிள்ளைகள் தமிழில் சண்டை போடுவதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பிள்ளைகளின் தமிழுக்காக அங்கே குடிபோகலாமா?

பதில்:

உன் கவலை என் கவலையும்தான் தங்கச்சி. 1965-ல் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு தமிழ்ப் பள்ளிக்கூடம் என்ற ஒன்று நமக்கு இல்லாமல் போயிற்று. அதற்கு முந்திய வருஷம்தான் கடைகளை எடுத்துக்கொண்டு, 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றும் அரசு அறிவித்தது. நம் ஆட்கள் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குத் திரும்பினார்கள். போக வழியில்லாதவர்களும் போக மனமில்லாதவர்களும் இங்கே தங்கினார்கள். அதில் பெரும்பங்கு கிராமத்தில் உழுதுகொண்டிருந்தவர்கள். பள்ளிக்கூடம் இல்லாமலே மாரியம்மன் கோயில் திண்ணையிலும் வீட்டு அடுப்படியிலும் தமிழைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். டவுனில் வசதி இருந்தது, தெருவில் பேச ஆள் இல்லை.

உன் நாத்தனார் பிள்ளைகளுக்குத் தமிழ் வருவது அங்கே பாட்டி இருப்பதாலும், விளையாடும் கூட்டம் முழுவதும் தமிழ் பேசுவதாலும். அந்த இரண்டும் கிடைக்கக் குடிபோகவேண்டியதில்லை. பள்ளி மார்ச்சில் மூடினால் ஜூனில்தான் திறக்கிறது. அந்த விடுமுறை முழுவதும் பிள்ளைகளை மாமியார் வீட்டில் விடு. நீ கூட இருக்காதே. நீ இருந்தால் உன்னிடம் பர்மியத்தில் பேசிச் சமாளித்துக்கொள்வார்கள். முதல் வாரம் அழுவார்கள். பிறகு பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் வரும், தண்ணீர் ஊற்றி விளையாடும்போது எந்த மொழியில் கத்துகிறோம் என்பதே மறந்துவிடும். இரண்டு கோடை போதும், மாமியாரோடு போனில் அவர்களே பேசத் தொடங்குவார்கள்.

குடிபோவதற்கு எதிராக ஒரு காரணமும் உண்டு. பல கிராமங்களில் பள்ளி நடுநிலையோடு நின்றுவிடுகிறது. மேலே படிக்கப் பிள்ளைகள் தினமும் டவுனுக்குப் போய்வர வேண்டும், இல்லை அங்கே தங்கவேண்டும். அப்போது நீ மறுபடியும் வீடு மாற்றவேண்டி வரும்.

வீட்டில் நீயும் உன் வீட்டுக்காரரும் ஒருவரோடு ஒருவர் எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லையே. அதை அடுத்த கடிதத்தில் எழுது.

பசுந்தௌங்கிலிருந்து ஒரு வாசகர்:

கிராமத்துக்குப் போன பிறகு ரங்கூனில் எதை நினைத்து ஏங்குகிறீர்கள்?

பதில்:

அனோராதா ரோட்டுக் காளியம்மன் கோயிலை. 1871-ல் நம் ஆட்கள் கட்டிய கோயில் அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே போய் நின்று, திரும்பும் வழியில் ரோட்டோரம் சுடச்சுடத் தோசை வாங்குவேன். அடுத்தபடியாகத் தெயின்ஜி சந்தையின் மருந்துக் கடைகள். ஓமம், வசம்பு, சுக்கு எது வேண்டுமானாலும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

துவாந்தேயிலிருந்து ஒரு வாசகர்:

ஊரில் நிலம் வாங்கினால் என்னென்ன காகிதம் பார்க்கவேண்டும்? தரகர் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறார்.

பதில்:

தரகர் சொல்வதை விடுங்கள். 2008 அரசியல் சட்டப்படி நிலம் எல்லாம் கடைசியில் அரசுக்குச் சொந்தம். நாம் வாங்குவது பயிர் செய்யும் உரிமையை. 2012 விவசாய நிலச் சட்டம் வந்த பிறகு அந்த உரிமைக்கு அடையாளம் ஏழாம் எண் படிவம். அது விற்பவரின் பெயரில் இருக்கிறதா, இறந்துபோன அப்பாவின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா பெயரில் இருந்தால் கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போடாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு வரப்பைச் சுற்றி நடந்து பாருங்கள்.

விவசாய நிலத்தில் நினைத்தபடி வீடு கட்ட முடியாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். பர்மியர்கள் "லநா 39" என்று சொல்வது அதைத்தான். வீட்டோடு நிலம் என்று விற்றால் அந்த அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். வீடு புதிதாகக் கட்டினால் நர்கிஸை நினைத்துக்கொண்டு கட்டுங்கள். 2008 மே மாதம் அந்த ஒரே ராத்திரியில் டெல்டாவிலும் இந்தப் பக்கத்திலும் கீற்றும் மூங்கிலுமாக இருந்த வீடுகள் அப்படியே போயின. தரையை உயர்த்துங்கள், கூரையைத் தூணோடு நன்றாக இறுக்கிக் கட்டுங்கள்.

இன்னொன்று, நம் ஆட்களுக்கு மட்டும் சொல்லவேண்டியது. வீட்டில் பெரியவர்கள் சிலரிடம் இன்னும் எஃப்.ஆர்.சி. என்ற வெளிநாட்டவர் பதிவு அட்டைதான் இருக்கிறது. 1987-ல் வந்த சட்டப்படி வெளிநாட்டவர் பெயரில் நிலம், வீடு மாற்ற முடியாது. காசு அவருடையது என்பதற்காக அவர் பெயரிலேயே எழுதலாம் என்று யாராவது ஆசைகாட்டினால் நம்பாதீர்கள். குடியுரிமை அட்டை உள்ள பிள்ளை பெயரில் எழுதுவதானால், மற்றப் பிள்ளைகளையும் உட்காரவைத்து, பெரியவர் கடைசிவரை அந்த வீட்டில் இருப்பார் என்பதைச் சாட்சியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முடோனிலிருந்து ஒரு வாசகர்:

அப்பாவுக்கு வயது 74. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். ஊரில் தனியாக இருக்கிறார். நாங்கள் பிள்ளைகள் மூவரும் ரங்கூனில். ஆறாவது மாடியில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குக் கூட்டிப்போகப் பார்க்கிறோம். அவர் மறுக்கிறார். நான் இப்போது லீவில் ஊருக்கு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

பதில்:

ஆறாவது மாடி வேண்டாம் தம்பி. லிஃப்ட் இருந்தாலும் கரண்டு இருக்காது. ஏறிவிட்டால் அவர் இறங்கமாட்டார். ஊரில் சாயங்காலம் டீக்கடைக்கு நடந்துபோய் நாலு பேரோடு உட்காருகிற மனிதர், அங்கே பால்கனியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். பகலில் உன் தம்பியும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவார்கள்.

அவர் ஊரிலேயே இருக்கட்டும். பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒரு குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு என்று பேசி, இரண்டு வேளைச் சோறும் ராத்திரி ஒரு தடவை எட்டிப் பார்ப்பதும் ஏற்பாடு செய். மூவரும் முறைவைத்து மாதம் ஒருவராவது போங்கள். மழைக்காலத்தில் மட்டும் வேண்டுமானால் யார் வீடு கீழ்த்தளத்திலோ முதல் மாடியிலோ இருக்கிறதோ அங்கே கூட்டிவாருங்கள். பிரஷர் மாத்திரை முடோனில் கிடைக்கிறதா என்று கடையில் நேரில் கேள். கிடைக்காவிட்டால் மூன்று மாதத்துக்கு ரங்கூனில் வாங்கி அனுப்பு, ஈரம் படாத டப்பாவில் போட்டு. மாத்திரை பெயரை ஒரு சீட்டில் பர்மியத்தில் பெரிய எழுத்தாக எழுதி அவர் சட்டைப் பையில் வை. பக்கத்து வீட்டுப் போன் நம்பர் மூவரிடமும் இருக்கட்டும்.